எந்தத் தொண்ணூறு?

"அப்புறம்?" என்றாள் செங்கம்மாள்.

பக்கத்து வீட்டுக்காரி. வாசலில் செருப்பை விடும்போதே ஓவென்று அழுதுகொண்டு வந்தவள், லத்தீஃபாவின் கையைப் பிடித்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்க உட்கார்ந்துவிட்டாள். சாவு வீட்டில் எல்லோரும் கேட்பது இதைத்தான். கடைசியாக என்ன சாப்பிட்டார், கடைசியாக என்ன பேசினார், உயிர் போகும்போது யார் பக்கத்தில் இருந்தது. விடியற்காலையில் அத்தா போனதிலிருந்து லத்தீஃபா இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை. தம்பி ஷபீர் ஊரப்பாக்கத்திலிருந்து வந்து இறங்கியதும் பள்ளிவாசலுக்கும் கபர்ஸ்தானுக்குமாக ஓடத் தொடங்கிவிட்டான். வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல இவள் ஒருத்திதான் மிச்சம்.

"கடையிலேர்ந்து வந்தாரு. மூஞ்சி கழுவினாரு. நெஞ்சு எரியுதுன்னாரு. சோடா வாங்கியாரட்டுமான்னு அம்மா கேட்டாங்க, வேணாம்னுட்டாரு. ரெண்டு இட்லி தின்னாரு."

"ரெண்டேதானா? பாவமே!"

"அப்பத்தான் கடை விஷயம் பேசினாரு. சதுரங்கப்பட்டணம் டிரைவர் ஜெபா வந்தானாம். இன்னைக்கு மதியத்துக்கு மேல எட்டுப் பேரை ஏத்திகினு ஏற்காட்டுக்கு டிரிப்பாம். கியருக்கு ஒரு கேனு, கிரவுனுக்கு ஒரு கேனு, ரெண்டும் தொண்ணூறு, குடுத்து அனுப்பிட்டேன்னாரு. அப்புறம் படுத்துட்டாரு. பாங்கு சொல்றதுக்கு முன்னாடி அம்மாவ எழுப்பி, தண்ணி..."

லத்தீஃபா நிறுத்திவிட்டாள்.

"அழாதம்மா, அழாத" என்று செங்கம்மாள் தோளைத் தட்டினாள். லத்தீஃபா அழவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள், அதை இப்போதுதான் காதில் வாங்கினாள். கிரவுனுக்கு ஒரு கேன் கொடுத்தாராம். எதிலிருந்து கொடுத்தார்? கிரவுன் பீப்பாய்தான் காலியாயிற்றே. நேற்றுக் காலையில் ஒரு லாரிக்காரனுக்குக் கடைசிச் சொட்டுவரை ஊற்றிக் கொடுத்து, பீப்பாயைக் கவிழ்த்து வைத்தவளே இவள்தானே. புதுப் பீப்பாய் இன்னும் வந்து இறங்கவில்லை.



அத்தா நூர்முகமதுவின் ஆயில் கடை செங்கல்பட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தது. லத்தீஃபாவின் கணவன் ரியாத்துக்குப் போனதிலிருந்து அவளும் கடையில்தான். பகலில் அவள், சாயங்காலம் அவர். டப்பா ஆயில், கிரீஸ், கூலன்ட் எல்லாம் அலமாரியில். கியர் ஆயில் மட்டும் பீப்பாயில், கேன் கொண்டு வந்தால் ஊற்றிக் கொடுப்பார்கள். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளும் டிரைவர்களும் கியர் ஆயிலைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள். "ஒரு தொண்ணூறு குடு" என்பார்கள். அவ்வளவுதான். வேறு கடையென்றால் கேனை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடுவான். நூர்முகமது கேனைத் தொடவே மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "எந்தத் தொண்ணூறு?" என்பார்.

கியர் பாக்ஸுக்கும் தொண்ணூறு. பின் அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கிறதே, டிஃபரன்ஷியல், அதற்கும் தொண்ணூறு. டிஃபரன்ஷியல் என்ற பேர் யார் வாயிலும் நுழையாது, உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பெயரைச் சொல்லிக் கிரவுன் என்பார்கள். இரண்டு எண்ணெய்க்கும் கனம் ஒன்றுதான், அந்தக் கனத்தின் நம்பர்தான் தொண்ணூறு. உள்ளே கலந்திருக்கும் மருந்து வேறு. கிரவுனில் பல்லும் பல்லும் ஒன்றையொன்று அழுத்தி இழுத்துக்கொண்டே சுற்றும். அந்த அழுத்தம் தாங்கக் காரமான மருந்து வேண்டும். அதே காரத்தைக் கியர் பாக்ஸில் ஊற்றினால் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரித்துவிடும். அதனால் அங்கே சாது மருந்து. டின்னில் சின்ன எழுத்தில் ஜி.எல். நாலு, ஜி.எல். அஞ்சு என்று போட்டிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? நூர்முகமது படிப்பார். படித்துவிட்டு வாங்க வந்தவனையும் படிக்க வைப்பார். பொறுமை இல்லாதவன் பேஜாராகிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான், போகட்டும் என்பார். ஒர்க்ஷாப்காரர்கள் அவருக்கு வைத்த பேரே "எந்தத் தொண்ணூறு பாய்".

அந்த மனிதர், நேற்றுச் சாயங்காலம், நெஞ்சுவலியோடு நின்றுகொண்டு, இரண்டு கேனையும் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பிவிட்டார். ஜெபாவின் வண்டியில் கிரவுனுக்குள் சாது எண்ணெய். எட்டுப் பேர் பாரம், மலைப்பாதை.

ஜெபக்குமாருக்கு போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. ராத்திரி வரை வண்டி ஓட்டப் போகிறவன் பகலில் போனை அணைத்துவிட்டுத் தூங்குவான், வேறென்ன செய்வான்.

"இருங்கக்கா, வந்துடறேன்" என்று செங்கம்மாளிடம் சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கு ஓடினாள். ஷட்டரை இடுப்பளவு தூக்கிக் குனிந்து நுழைந்தாள். கிரவுன் பீப்பாய் அவள் கவிழ்த்து வைத்த இடத்தில் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. கியர் பீப்பாயில் கைப்பம்பு சொருகியபடி நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பம்பை உருவித் துணியில் சுற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது கொல்லையில் படுதா கட்டியிருந்தார்கள். குளிப்பாட்ட வெந்நீர் போய்க்கொண்டிருந்தது. ஷபீரைச் சமையலறை மூலைக்கு இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, உனக்கு புத்தி கெட்டுப்போச்சா? அத்தா மய்யித்து வூட்ல கீது. நீ ஆயிலப் பத்திப் பேசிகினு கீற."

"மதியத்துக்கு மேல அவன் கிளம்பிடுவான் ஷபீரு."

"கிளம்பட்டுமே. உடனே ஒடஞ்சிடுமா?"

"ஒடையாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா? மலையில பல்லு தேஞ்சு சத்தம் போடும். சூடாவும். அச்சு புடிச்சுகிச்சுன்னா?"

"புடிக்கலன்னா?"

"புடிக்கலன்னாலும் தப்பு தப்புதான்."

ஷபீர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்து பேரைக் கட்டி மேய்க்கிறவன், அக்காவிடம் மட்டும் எப்போதும் திக்குவான். "அடக்கம் முடியட்டும். நானே போன் பண்றேன், போன் எடுக்கலன்னா நேர்ல போறேன். செலவு எவ்ளோ ஆனாலும் குடுத்துடலாம்."

"மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் ஜனாஸாவ முன்னால வெச்சுகினு நீ ஜமாஅத்து முன்னாடி நின்னு இன்னா சொல்லப் போற?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. எல்லா வீட்டிலும் அடக்கத் தொழுகைக்கு முன்னால், மய்யித்தை எதிரில் வைத்து மகன் நின்று சொல்வதுதான். எங்க அத்தாவால யாருக்காவது குறை இருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க, தீக்க வேண்டியது எதாவது இருந்தா எங்கிட்ட வாங்க, நான் பொறுப்பு. அதைக் கேட்டு ஜமாஅத் மன்னித்தோம் என்று தலையசைத்த பிறகுதான் தொழவைப்பார்கள்.

"அந்த ஜமாஅத்துல ஜெபா நிப்பானா? அவன் சர்ச்சுக்குப் போறவன். அவன்கிட்ட யாரு கேக்கறது? அத்தா தலைமேல அதை ஏத்தி மண்ணுல வைக்கச் சொல்றியா?"

"சரி, வேற யாரையாவது அனுப்பலாம்."

"எந்தத் தொண்ணூறுன்னு யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியுமா?"

ஷபீருக்குத் தெரியாது. அவன் மனைவி அஃப்ஷீன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மதினி, கஃபன் துணி போர்த்தினதும் மொகம் காட்டுவாங்க. நீங்க அதுக்குள்ள வர முடியாது" என்றாள் மெதுவாக.

அது லத்தீஃபாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் ஷபீரிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆண்களுக்குக் கபர்ஸ்தான் வரை போக வழி இருக்கிறது, மூன்று பிடி மண் போடலாம். பெண்களுக்கு அந்த ஒரு பார்வைதான். பஞ்சு வைத்த மூக்கு, வெள்ளைத் துணிக்கு நடுவே முகம், அத்தர் வாசனை. அதோடு சரி. அதை விட்டால் பிறகு எந்தப் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. ஆனாலும் அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

கூடத்தில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டில் மகள் ஸ்கூட்டர் சாவி கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்தாள். அம்மா சுவரோரம் வெள்ளைத் துப்பட்டாவில் உட்கார்ந்திருந்தாள். லத்தீஃபா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, காதோடு காதாகச் சொன்னாள். அம்மாவுக்கு ஆயில் ஒன்றும் புரியாது. ஆனால் முப்பது நாற்பது வருஷம் அந்த எண்ணெய்ச் சட்டைகளைத் துவைத்தவள், காரத் தொண்ணூறின் நாற்றம் எது என்று அவளுக்கும் தெரியும்.

"தப்பாக் குடுத்துட்டாரா? அவரா?" என்றாள்.

"ஆமாம்மா."

அம்மா கொல்லைப் பக்கத்துப் படுதாவைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"போறதுன்னா போ. நின்னு யோசிச்சுகினு இருக்காத. உனக்கும் சேத்து நான் பாத்துக்கறேன்."

ஷபீர் சாவியைக் கொடுத்தான்.

திருக்கழுக்குன்றம் சாலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லத்தீஃபா வழக்கமாக மெதுவாகப் போகிறவள். இன்று ஒரு மணல் லாரியை முந்தினாள், ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் திட்டினான், திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை வந்தால் வண்டி ஓட்ட முடியாது என்பதால் வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். நினைப்பெல்லாம் அத்தாவிடமே போய் நின்றது. முழங்கை வரை எண்ணெய் வழிய நின்று அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான், நேற்று ஒரு நாள் அதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் தூங்கியிருக்கவே மாட்டார். விடிவதற்குள் அவரே ஜெபா வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்.

மலைக்கோயில் தெரிந்ததும் கடைத்தெருவில் ஒரு ஆயில் கடையைப் பார்த்து நிறுத்தினாள். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே ஒரு டின்னை எடுத்து வைத்தார்.

"இது நாலு. எனக்கு அஞ்சு வேணும். கிரவுனுக்கு."

"எல்லாம் தொண்ணூறுதாம்மா. அதே கம்பெனி, அதே வெல."

"டின்னத் திருப்பிப் படிங்கண்ணா. அஞ்சு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, வேற கடைக்குப் போறேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்த் தேடி வேறு டின் கொண்டு வந்தார். "செங்கல்பட்ல ஒரு பாய் கீறாரு. அவரு மாதிரியே கேக்கறீங்களே."

"அவரு பொண்ணுதான்."

"அப்படியா! பாய் நல்லா கீறாரா?"

"கீறாரு" என்றாள் லத்தீஃபா.

அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. டின்னைப் பைக்குள் போட்டு வண்டியைக் கிளப்பிய பிறகுதான் கண்ணில் தண்ணீர் முட்டியது. முக்காட்டு நுனியால் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். சவுக்குத் தோப்புகள் வந்தன, காற்றில் உப்பு வந்தது.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவருக்குப் பின் தெருவில் ஜெபக்குமாரின் வீடு. வாசலில் குவாலிஸ் கழுவித் துடைத்து நின்றது. மேலே கேரியரில் தார்ப்பாய் மடித்துக் கட்டியாயிற்று. அவன் மனைவி ஜெஸ்ஸி முன் கண்ணாடியைச் செய்தித்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இன்னா இது, இந்த வெயில்ல? உள்ள வாங்க."

"ஜெபா எங்க? எழுப்பு."

ஜெபக்குமார் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வெளியே வந்தான். தூக்கக் கலக்கம். லத்தீஃபா சுற்றி வளைக்கவில்லை.

"ஜெபா, அத்தா போயிட்டாரு. விடியக்காலம்."

"எங்க?" என்றான் அவன். பிறகு புரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து சாயங்காலம் பாத்தேனேக்கா! எங்கிட்ட பேசினாரே!" ஜெஸ்ஸி "ஐயோ ஆண்டவரே" என்று லத்தீஃபாவைக் கட்டிக்கொண்டாள். லத்தீஃபா ஒரு நிமிஷம் அந்தத் தோளில் சாய்ந்துவிட்டு விலகினாள்.

"நேத்து குடுத்த ஆயில ஊத்திட்டியா?"

"ராத்திரியே ரெண்டுத்தையும் மாத்திட்டேன். ஏன்க்கா?"

"கிரவுனுக்குக் குடுத்தது தப்பு. கியர் ஆயிலையே அதுக்கும் குடுத்துட்டாரு. அதை இறக்கிட்டு இதை ஊத்து. நீ மலை ஏறக் கூடாது அதோட."

அவன் டின்னையும் பம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுக்கா வந்தீங்க? மய்யித்து எப்போ எடுக்கறாங்க?"

"லுஹருக்கு அப்புறம்."

"மொகம் பாத்துட்டீங்களா?"

லத்தீஃபா டின்னை அவன் பக்கம் நீட்டினாள்.

ஜெபக்குமார் உள்ளே ஓடிச் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியோடு வந்தான். "ஏறுங்க. உங்க வண்டி இங்கியே இருக்கட்டும். இப்ப மிதிச்சா சந்தூக்குப் பெட்டி மூடறதுக்குள்ள கொண்டு போய் வுட்டுடுவேன். ஆயிலு எங்கக்கா ஓடிடப் போவுது? டிரிப்பு ஆளுங்கள வெயிட் பண்ணச் சொல்றேன். நான் திரும்பி வந்து மாத்திக்கறேன், சத்தியமா."

அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பொய் சொல்கிறவன் இல்லை. ஏறி உட்கார்ந்தால் போதும், வழியெல்லாம் ஹாரன் அடித்துக் கொண்டுபோய் விட்டுவிடுவான். அந்த முகத்தைப் பார்த்துவிடலாம். கால் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தேவிட்டது. ஆனால் திரும்பி வரும்போது நேரமாகியிருக்கும். எட்டுப் பேரும் பெட்டி படுக்கையோடு வாசலில் நின்று கத்துவார்கள். ஒரு டிரிப்புதானே, வந்து மாத்திக்கலாம் என்று இவனே தன் மனசைச் சமாதானம் செய்துகொள்வான். டிரைவர் புத்தி அவளுக்குத் தெரியாததா?

"கிரவுன் பிளக்கக் கழட்டு" என்றாள்.

"அக்கா..."

"கழட்டு ஜெபா. நீ கழட்டலன்னா ஸ்பானரக் குடு, நானே கீழ போறேன்."

ஜெபக்குமார் கதவைச் சாத்திவிட்டு ஏறினான். வண்டியைத் தெருமுனை வரை ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான், சூடானால்தான் எண்ணெய் இளகி முழுசாக இறங்கும். சாக்கை விரித்துப் பின் அச்சுக்கு அடியில் நுழைந்தான். ஜெஸ்ஸி ஒரு அகலமான அலுமினியப் பேசினைத் தேய்த்துக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். லத்தீஃபா தரையில் மண்டியிட்டு அதை அடியில் தள்ளினாள். தூரத்தில் எங்கோ பாங்கு கேட்டது. செங்கல்பட்டிலும் இதே நேரம்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்போது முகம் காட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மா எழுந்து போயிருப்பாள். லத்தீஃபா வாய்க்குள் ஓதிக்கொண்டே வண்டியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பானர் ஒரு தடவை வழுக்கியது. மறுதடவை பிளக் இளகியது. எண்ணெய் முதலில் நூலாக வந்தது, பிறகு விரல் கனத்துக்கு வந்து பேசினில் விழுந்தது.

குப்பென்று நாற்றம் அடித்தது.

லத்தீஃபா குனிந்தாள். பேசினில் விரலை விட்டு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கந்தகமும் அழுகின பூண்டும் கலந்த நாற்றம். சாது எண்ணெய்க்கு இந்த நாற்றம் வரவே வராது. மறுபடியும் தொட்டு மறுபடியும் முகர்ந்தாள். மூக்கு பொய் சொல்லவில்லை. இது கிரவுன் எண்ணெய். அஞ்சு. சரியான தொண்ணூறு.

"இது எங்க வாங்கின?"

"பாய் குடுத்ததுதான்க்கா" என்றான் ஜெபக்குமார் வண்டிக்கு அடியிலிருந்து.

"எங்க கடையில இது இல்லவே இல்ல. பீப்பா காலி. நேத்து கடையில இன்னா நடந்துச்சு? ஒண்ணு வுடாம சொல்லு."

அவன் வெளியே நகர்ந்து வந்து சாக்கின்மேல் எழுந்து உட்கார்ந்தான்.

"மொதல்ல கியரு கேன ரொப்பிக் குடுத்தாரு. இன்னொரு கேன கையில எடுத்தவரு, அந்தக் கவுத்து வெச்ச பீப்பாவையே பாத்துகினு நின்னாரு. 'இதுலயே ஊத்துங்க பாய், ரெண்டும் தொண்ணூறுதானே'ன்னு நான்தான் சொன்னேன். ஒரு மொற மொறச்சாரு பாருங்க. காலி கேன எடுத்துகினு நடந்துட்டாரு. 'எங்க பாய் போறீங்க, வண்டியில ஏறுங்க'ன்னேன். 'இங்கதான், நீ கடையப் பாத்துக்கோ'ன்னாரு. குடோனுக்குப் போறாருன்னு நெனச்சேன்."

"எங்களுக்கு ஏது குடோனு? அப்புறம்?"

"ரொம்ப நேரம்க்கா. நான் டீ குடிச்சேன், ரெண்டு பேருக்குக் கிரீஸு கூட எடுத்துக் குடுத்தேன். அப்புறம்தான் வந்தாரு. கேனு நெறைய ஆயிலு. ரெண்டு கையாலயும் புடிச்சுகினு வந்தாரு. சட்டையெல்லாம் தொப்பலா நனஞ்சு கீது. கீழ வெச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்தவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. 'இன்னா பாய் இப்படி வேர்க்குது'ன்னேன். 'வெயிலு'ன்னாரு."

அவன் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வைத்தான்.

"சாயங்காலம்க்கா. வெயிலே இல்ல" என்றான்.

ஜெஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டாள். லத்தீஃபாவுக்குக் கோபம் வந்தது. ஏன் அத்தா, வேறு கடைவரைக்கும் நீங்களே நடந்து போய்ச் சுமந்து வர வேண்டுமா, ஒரு போன் போட்டிருந்தால் நான் வாங்கிக்கொண்டு வந்திருக்க மாட்டேனா, நாளைக்கு வாடா என்று சொல்லியிருந்தால் இவன் என்ன அழுதிருப்பானா என்று அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சந்தோஷமும் வந்தது, வெட்கமில்லாமல் வந்தது. என் அத்தா தப்பாகக் கொடுக்கவில்லை. அவர் கேட்டிருக்கிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் கேட்டிருக்கிறார். நான்தான் முகம் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன். எல்லாம் ஒரே சமயத்தில் வந்தபோது எதற்கு அழுவது என்று தெரியாமல் பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. ஷபீர்.

"அக்கா, தொழுகை முடிஞ்சிடுச்சு. ஜனாஸாவ முன்னாடி வெச்சுட்டாங்க. எல்லாரும் நிக்கறாங்க." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நான் இன்னா சொல்லட்டும்?"

"எப்பவும் சொல்றதச் சொல்லு."

"அந்த ஆயிலு? மாத்தியாச்சா?"

"அத்தா சரியாத்தான் குடுத்துக்கீறாரு ஷபீரு."

அந்தப் பக்கம் அவன் விசும்புவது கேட்டது. "சரிக்கா" என்று எப்படியோ சொல்லி வைத்துவிட்டான்.

ஜெபக்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு டின்னின் மூடியைத் திருகப் போனான். லத்தீஃபா அவன் கையைத் தடுத்தாள்.

"அது வேணாம். இதையே திருப்பி ஊத்து."

"இறக்கினதையா? டின்னு புதுசா கீதேக்கா."

"இதுவும் புதுசுதான். நேத்து அத்தா வாங்கியாந்தது."

 இறக்கிய எண்ணெயை வடிகட்டாமல் ஊற்றக் கூடாது என்று லத்தீஃபாவே சொன்னாள். ஜெஸ்ஸி உள்ளே போய்த் துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளை மல் துணி ஒன்றைக் கொண்டு வந்தாள். அதைச் சுத்தமான வாளியின் வாயில் இரண்டாக மடித்துப் போட்டுப் பேசினைச் சாய்த்தார்கள். பெண்கள் இருவரும் துணியின் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டார்கள். கெட்டி எண்ணெய், மெதுவாகத்தான் இறங்கியது.

அதற்குள் டிரிப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். கல்பாக்கத்துக் குடும்பம், பெட்டிகள், தலையணைகள், நொறுக்குத்தீனிப் பைகள். பெரியவர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி, "இன்னாப்பா, இப்பப் போய் வண்டிய ரிப்பேர் பண்ணிகினு கீற?" என்று ஆரம்பித்தார். ஜெபக்குமார் எழுந்துபோய் அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். அவர் லத்தீஃபாவைப் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். குழந்தைகளைக்கூட யாரோ அதட்டி நிறுத்தினார்கள். தெருவோர நிழலில் எல்லோரும் காத்து நின்றார்கள்.

ஜெபக்குமார் அடியில் போய்க் கீழ்ப் பிளக்கை இறுக்கினான். மேல் துளையைத் திறந்து பம்பின் குழாயை அதில் சொருகிப் பிடித்துக்கொண்டான். லத்தீஃபா வாளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பம்பை அடிக்க ஆரம்பித்தாள். இந்நேரம் சந்தூக்கைத் தூக்கியிருப்பார்கள். தோள் மாற்றி, தோள் மாற்றி, பெரிய தெரு வழியாகப் போய்க்கொண்டிருப்பார்கள். அவள் ஒரே சீராக அடித்தாள். கிரவுனில் எண்ணெய் மேல் துளையளவு நிரம்பினால் வெளியே வழியும், அப்போது நிறுத்த வேண்டும். அளவு பார்க்க வேறு வழி கிடையாது.

"அக்கா, வழியுது" என்று அடியிலிருந்து ஜெபக்குமாரின் குரல் வந்தது. "ரொம்பிடுச்சு. போதும்க்கா."

லத்தீஃபாவின் கை நிற்கவில்லை.